பழைய சமையலறைக் கேபினெட்: கதவை மட்டும் மாற்றினால் போதுமா?

17 ஆகஸ்ட் 2024, சனி. உட்லண்ட்ஸ் தம்பி கேட்டது

அக்கா, எங்களுடையது சிங்கப்பூர் உட்லண்ட்ஸில் நாலறை வீடு. சமையலறைக் கேபினெட் 2003இல் போட்டது. கதவெல்லாம் மஞ்சள் பூத்து, ஓரம் பெயர்ந்து நிற்கிறது. புதுப்பிப்பு வேலை எடுத்துச் செய்யும் குத்தகையாளர் ஒருவர் வந்து பார்த்தார். "எல்லாவற்றையும் பெயர்த்துப் புதிதாகப் போடணும், கதவை மட்டும் மாற்றுவது வீண் செலவு" என்று சொல்லி 9,800 வெள்ளி கேட்கிறார். கதவை மட்டும் நானே மாற்ற முடியாதா? தீபாவளிக்குள் முடியுமா?

17 ஆகஸ்ட் 2024, இரவு

முடியும் தம்பி. யீஷூனில் எங்கள் வீட்டில் 14 கதவும் 5 இழுப்பறை முகப்பும் என் கையால்தான் மாற்றினேன். ஆனால் அந்தக் குத்தகையாளர் சொன்னதை அப்படியே தள்ளிவிடவும் மாட்டேன். அவர் கதவைப் பார்த்துச் சொன்னாரா, கூட்டைப் பார்த்துச் சொன்னாரா? அதைத்தான் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

கூடு என்று நான் சொல்வது கதவுக்குப் பின்னால் இருக்கிற பெட்டியை. இரண்டு பக்கப் பலகை, அடிப்பலகை, நடுத்தட்டு, முதுகுப் பலகை. கதவு எவ்வளவு கேவலமாக இருந்தாலும் கவலையில்லை, கூடு திடமாக இருந்தால் வேலை நடக்கும். கூடு ஊறிப்போயிருந்தால் எத்தனை அழகான கதவு மாட்டினாலும் ஆறு மாதத்தில் தொங்கிவிடும்.

நாளைக் காலையில் பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே உள்ள சாமான்களை எல்லாம் வெளியே எடுத்து வையுங்கள். டார்ச் அடித்துப் பாருங்கள். அடிப்பலகையின் நான்கு மூலையிலும், குழாய் இறங்கும் இடத்திலும் ஸ்க்ரூடிரைவர் நுனியை வைத்து அழுத்துங்கள். நல்ல பிளைவுட் என்றால் நுனி அங்கேயே நிற்கும். மரத்தூள் பலகை ஊறியிருந்தால், தேநீரில் நனைத்த ரஸ்க்கில் குத்தியது போல உள்ளே போகும். மரத்தூள் பலகை ஒருமுறை உப்பிவிட்டால் காய்ந்தாலும் பழைய கனத்துக்குத் திரும்பாது. தூளைச் சேர்த்துப் பிடித்திருந்த பசை விட்டுப்போயிருக்கும். அதற்கு வைத்தியம் கிடையாது.

அடுத்தது கீல்கள். ஒவ்வொரு திருகையும் கையால் இறுக்கிப் பாருங்கள். இறுகாமல் சுற்றிக்கொண்டே இருந்தால் ஓட்டை பெரிதாகிவிட்டது என்று அர்த்தம். அது ஒன்றிரண்டு இடத்தில் என்றால் பயமில்லை. மரப்பசையில் தோய்த்த பல்குச்சிகளை ஓட்டைக்குள் நெருக்கமாகச் செருகி, ஒரு நாள் காயவிட்டு, மேல்மட்டமாக வெட்டிவிட்டுத் திருகினால் பிடித்துக்கொள்ளும். எல்லாத் திருகும் அப்படித்தான் என்றால் கூட்டையே சந்தேகப்படுங்கள்.

பார்த்துவிட்டு எழுதுங்கள். அதுவரை அவருக்கு முன்பணம் கொடுக்க வேண்டாம்.

18 ஆகஸ்ட் 2024

ஒன்று சொல்ல மறந்தேன். இன்னும் பழைய வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடுகள் சிலவற்றில் கீழ்க் கூடு மரமே இல்லை. செங்கல்லும் சிமெண்டுமாகக் கட்டி, மேலே ஓடு பதித்த மேடை. மரச்சட்டமும் கதவும் மட்டும் முன்னால் இருக்கும். அந்த வகை அமைந்தவர்கள் கொடுத்துவைத்தவர்கள். சிமெண்டு உப்பாது. சட்டத்தை மட்டும் தட்டிப் பார்த்தால் போதும். அதை இடித்து எறியச் சொல்கிறவர்களைக் கண்டால் எனக்கு மனசு வலிக்கும்.

20 ஆகஸ்ட் 2024

தம்பி பார்த்துவிட்டு எழுதியிருக்கிறார். கூடு பிளைவுட். தொட்டிக்குக் கீழே மட்டும் அடிப்பலகை உள்ளே அமுங்குகிறது. மற்றவை எல்லாம் திடம்.

அப்படியென்றால் ஒரு கூட்டுக்காக ஒன்பது கூட்டை எறியச் சொல்லியிருக்கிறார்கள். வேலையைத் தொடங்கலாம்.

24 ஆகஸ்ட் 2024

"ஸ்டிக்கர் ஒட்டினால் என்ன, ஒரே நாளில் முடிந்துவிடுமே" என்று இருவர் கேட்டிருக்கிறீர்கள். நான் அதிலிருந்துதான் தொடங்கினேன், அந்தக் கதையைச் சொல்கிறேன்.

2019இல் இணையத்தில் ஒரு கடையில் மரக்கோடு போட்ட வினைல் சுருள் வாங்கினேன். பின்னால் பசை, தாளை உரித்து ஒட்ட வேண்டியதுதான். இரண்டு நாளில் எல்லாக் கதவும் முடிந்தது. அம்மா வந்து நின்று பார்த்து, "புது வீடு மாதிரி இருக்குடி" என்றார். ஏழாவது மாதம் அடுப்புக்கு இரு பக்கமும் உள்ள கதவுகளில் ஓரம் சுருளத் தொடங்கியது. சோற்றுப் பானைக்கு நேர் மேலே இருந்த கதவில் குமிழ் குமிழாகக் கிளம்பியது. ஹேர் டிரையர் காட்டி அழுத்தினேன், ஒரு வாரம் நின்றது. பிறகு சுருண்ட ஓரத்தின் பசையில் தூசியும் எண்ணெயும் சேர்ந்து கறுப்புக் கோடாகிவிட்டது. அதைச் சுரண்டி எடுக்க நான் பட்ட பாட்டுக்கு, ஒட்டாமலேயே இருந்திருக்கலாம்.

அதனால் ஸ்டிக்கர் வேண்டவே வேண்டாம்.

25 ஆகஸ்ட் 2024

நேற்று கோபத்தில் எழுதிவிட்டேன், திருத்துகிறேன். காலையில் எழுந்ததும் ஜன்னல் பக்கத்து மேல் கேபினெட்டைப் பார்த்தேன். அதில் 2019இல் ஒட்டிய அதே வினைல் இன்னும் இருக்கிறது, ஐந்து வருடமாக, ஓரம்கூட அசையவில்லை. அங்கே ஆவி இல்லை, எண்ணெய் இல்லை, தினம் இருபது தடவை திறப்பதும் இல்லை. ஆக, வினைல் மட்டும் குற்றவாளி இல்லை. நான் ஒட்டிய இடமும், ஒட்டுவதற்கு முன் ஒழுங்காகக் கழுவாததும் சேர்ந்துதான் கெடுத்தன. வாடகை வீட்டில் இருப்பவர்கள், அடுப்பிலிருந்து எட்டி இருக்கும் கதவுகளுக்குத் தாராளமாக ஒட்டலாம்.

1 செப்டம்பர் 2024

பிசுக்கைப் பற்றி இன்று விரிவாக எழுதுகிறேன். கேபினெட் வேலையில் பாதி இதுதான். மீதிப் பாதி நன்றாக வருவதும் இதைப் பொறுத்ததுதான்.

புதுப்பிக்கும் காணொளிகளில் கதவை ஈரத்துணியால் இரண்டு தடவை துடைத்துவிட்டு உடனே பெயிண்ட் அடிக்கிறார்கள். அந்தச் சமையலறையில் யாரும் தினமும் கடுகு தாளித்திருக்க மாட்டார்கள். நம் வீட்டில் காலையில் சட்னிக்குத் தாளிப்பு, மதியம் குழம்புக்குத் தாளிப்பு, வெள்ளிக்கிழமை வடை. வெடிக்கிற கடுகோடு பறக்கும் எண்ணெய்த் துளி கண்ணுக்குத் தெரியாது. அது கதவில் படிந்து, சூட்டிலும் காற்றிலும் வருடக்கணக்கில் இறுகி, ஒருவகை வார்னிஷ் ஆகிவிடுகிறது. மஞ்சள் பூத்த கதவு என்று தம்பி சொன்னாரே, அதில் பாதி இந்தப் படலமாகத்தான் இருக்கும். பாத்திரம் கழுவும் சோப்பு இதன் மேல் வழுக்கிக்கொண்டு போய்விடும்.

நான் செய்தது இது. கதவுகளைக் கழற்றுவதற்கு முன் ஒவ்வொன்றின் உள்பக்கமும் எண் எழுதினேன், அதே எண்ணைக் கூட்டிலும் எழுதினேன். ஒரு கதவின் கீல், திருகு எல்லாம் தனித் தனிப் பையில். கதவைக் குளியலறையில் சாய்த்து வைத்து, வெந்நீரில் சலவை சோடா கரைத்து, கையுறை போட்டுக்கொண்டு தேய்த்தேன். ஐந்து நிமிடம் ஊறவிட்டு, பழைய பிளாஸ்டிக் அட்டை ஒன்றால் வழித்தால் தேன் நிறத்தில் கூழ் போலத் திரண்டு வரும். கைப்பிடியைச் சுற்றியும் கதவின் மேல் ஓரத்திலும்தான் அதிகம். மேல் ஓரத்தை யாருமே துடைப்பதில்லை. இரண்டாம் தடவை மறுபடி சோடா. மூன்றாம் தடவை வெறும் தண்ணீர், ஏனென்றால் சோடா தங்கினால் அதுவும் பசையைக் கெடுக்கும். ஊறவிடுவது படலத்துக்காகத்தான், பலகை ஊறக்கூடாது. ஓரம் பெயர்ந்த கதவுகளில் தண்ணீரை ஊற்றாமல் துணியில் நனைத்துத் தேய்த்தேன்.

காய்ந்ததும் ஒரு சோதனை. கதவைப் படுக்கப் போட்டுச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விடுங்கள். முத்து முத்தாக உருண்டு நின்றால் எண்ணெய் இன்னும் இருக்கிறது. படர்ந்து விரிந்தால் சுத்தம். என் அடுப்புப் பக்கத்துக் கதவு ஒன்று நான்காம் தடவைதான் தேறியது.

அதற்குப் பிறகே உப்புத்தாள். முதலில் சொரசொரப்பான 120ஆம் எண், அப்புறம் அதைவிட நைசான 180. வரிசையை மாற்றி, கழுவுவதற்கு முன்பே தேய்த்தீர்களானால் எண்ணெயைப் பலகைக்குள் தேய்த்து ஏற்றியதுதான் மிச்சம்.

இதை எழுதும்போது அம்மா எட்டிப் பார்த்து, "அந்த அழுக்கெல்லாம் நான் உங்களுக்குச் சமைச்சதுதானே" என்றார். ஆமாம்மா. நாற்பது வருடச் சமையல்.

2 செப்டம்பர் 2024

சோடாவை அலுமினியச் சட்டத்தில் படவிடாதீர்கள், கறுத்துவிடும். நேற்றே சொல்லியிருக்க வேண்டும்.

7 செப்டம்பர் 2024

அளவு. தம்பி பழைய கதவை அளந்து, அதே அளவில் புதுக் கதவு வெட்டச் சொல்லப் போவதாக எழுதியிருக்கிறார். வேண்டாம். பழைய கதவே தவறான அளவில் இருந்திருக்கலாம், இருபது வருடத்தில் கூடும் கொஞ்சம் கோணியிருக்கலாம். கூட்டை அளந்து கதவைக் கணக்குப் போடுங்கள். மேலே, நடுவே, கீழே என்று மூன்று இடத்தில் அளக்க வேண்டும். கூடு மட்டமாக இருக்கிறதா என்று ரசமட்டம் வைத்துப் பாருங்கள், மூலைக்கு மூலமட்டம்.

உதாரணமாக வெளி அகலம் 800 மி.மீ. உள்ள ஒரு கூடு, இரட்டைக் கதவு என்று வைத்துக்கொள்வோம். இரு ஓரத்திலும் ஒன்றரை ஒன்றரை மி.மீ. விடுங்கள், இரண்டு கதவுக்கு நடுவே 3 மி.மீ. விடுங்கள். 800இல் 6 போக 794. ஒரு கதவு 397. ஓரத்துக்கு ஒட்டும் பட்டையின் கனம் இந்த 397க்குள் அடங்க வேண்டும். 1 மி.மீ. பட்டையை இரு பக்கமும் ஒட்டப் போகிறீர்கள் என்றால் பலகையை 395க்கு வெட்டச் சொல்லுங்கள்.

இனி கீல். உள்ளே மறைந்திருக்கும் கீலுக்குக் கதவில் 35 மி.மீ. வட்டக் குழி வேண்டும். குழியின் மையம் கதவின் ஓரத்திலிருந்து ஏறக்குறைய 22 மி.மீ. ஆழம் 12 மி.மீ. போல வரும். 18 மி.மீ. பலகையில் அடியில் ஆறு மிஞ்சும், 16 என்றால் நாலுதான். துரப்பண முனையில் 12 மி.மீ. உயரத்தில் சிவப்பு நாடா சுற்றி வைத்துக்கொள்ளுங்கள். நான் நாடா சுற்றாமல் ஒரு கதவில் முன்பக்கம் வரை போய்விட்டேன். அந்தக் கதவு இப்போது மாடத்தில் செடித்தொட்டி வைக்கும் பலகையாக இருக்கிறது.

கீல் வாங்கப் போகும்போது பழைய கீல் ஒன்றைக் கையோடு எடுத்துப் போங்கள். கதவு பக்கப் பலகையை முழுதாக மூடுகிறதா, பாதி மூடுகிறதா, கூட்டுக்குள் அமர்கிறதா என்பதைப் பொறுத்துக் கீலின் வளைவு மாறும். பார்க்க மூன்றும் ஒரே மாதிரி இருக்கும். இரண்டு கூடுகள் ஒரே நடுப்பலகையைப் பங்கு போட்டுக்கொள்ளும் இடத்தில் பாதி மூடும் கீல்தான் வேண்டும். நான் எல்லாவற்றுக்கும் முழுதாக மூடும் கீல் வாங்கி வந்து, ஜாலான் புசாருக்கு மறுபடி ஒரு நடை போனேன். கடைக்காரப் பெரியவர் முகம் சுளிக்காமல் மாற்றிக் கொடுத்தார்.

ஒரு மீட்டருக்கு மேல் உயரமான கதவுக்கு மூன்று கீல் போடுங்கள்.

8 செப்டம்பர் 2024

பெயிண்ட் பற்றிக் கேட்டவருக்கு: நான் மேல் கேபினெட் இரண்டுக்கு அடித்தேன், அனுபவம் அவ்வளவுதான். வழுவழுப்பான லேமினேட்டில், அதாவது பலகை மேல் ஒட்டும் கெட்டியான பிளாஸ்டிக் தாளில், பெயிண்ட் நேரே பிடிக்காது, ஒட்டும் தன்மையுள்ள பிரைமர் என்கிற அடிப்பூச்சு கட்டாயம். மறுநாள் தொட்டால் காய்ந்தது போலத்தான் இருக்கும், ஆனால் உள்ளே இறுக வாரக்கணக்கில் ஆகும். நான் மூன்றாம் நாளே கதவை மாட்டி மூடி, கூட்டோடு ஒட்டிக்கொண்டு, திறந்தபோது தோல் உரிந்து வந்தது. நம் ஊர்க் காற்றில் ஈரப்பதத்தின் ஆண்டுச் சராசரி 80 விழுக்காட்டுக்கு மேல். தண்ணீரில் கலக்கும் பெயிண்ட் இங்கே நிதானமாகத்தான் இறுகும்.

15 செப்டம்பர் 2024

பலகையை வீட்டில் வெட்டாதீர்கள். சுங்கை காடுட் பக்கம் மரக்கடைகளில் அளவு கொடுத்தால் வெட்டித் தருவார்கள். 4 அடிக்கு 8 அடி பிளைவுட் மின்தூக்கிக்குள் நுழையவும் நுழையாது.

துளை போடுவதற்கு நேரம் உண்டு. கழக விதிப்படி புதுப்பிப்பு வேலையைத் திங்கள் முதல் சனி வரை காலை 9 முதல் மாலை 6 வரை செய்யலாம். இடிப்பது, ஓடு வெட்டுவது, ஓயாமல் துளையிடுவது மாதிரி இரைச்சல் வேலை வாரநாளில் 9 முதல் 5 வரைதான். ஞாயிறும் பொது விடுமுறையும் எதுவும் கூடாது. கதவில் 35 மி.மீ. குழி போடுவது சுவரைத் துளைப்பது போல அதிராது, ஆனாலும் பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா, மக்சிக்கிடம் முதல் நாளே சொல்லிவிட்டுத்தான் தொடங்கினேன். பேரப்பிள்ளை தூங்கும் நேரம் ஒன்றரை முதல் மூன்று என்றார். அந்த நேரம் உப்புத்தாள் வேலைக்கு வைத்துக்கொண்டேன்.

லேமினேட் ஒட்டுவது: பலகையிலும் தாளின் பின்புறமும் ஒட்டுப்பசையை மெல்லியதாகப் பரப்பி, விரலால் தொட்டால் விரலில் வராத பதம் வரும்வரை காத்திருங்கள், பத்துப் பதினைந்து நிமிடம். அவசரப்பட்டு ஈரத்தில் ஒட்டினால் பின்னால் குமிழ் வரும். பதம் வந்தபின் இரண்டும் தொட்டதோ முடிந்தது, நகர்த்த முடியாது. அதனால் பலகை மேல் கடையில் கொடுக்கும் சாப்ஸ்டிக் குச்சிகளைக் கைப்பிடி அகலத்துக்கு ஒன்றாக வரிசையாக வைத்து, அதன் மேல் தாளைப் பரப்பி, ஓரம் சரி பார்த்து, நடுக் குச்சியை முதலில் உருவுங்கள். நடுவிலிருந்து வெளியே அழுத்திக்கொண்டே ஒவ்வொன்றாக உருவ வேண்டும். தாளைக் கதவை விட எல்லாப் பக்கமும் அரை விரல் பெரிதாக வெட்டி, ஒட்டியபின் ஓரத்தைச் சீவிவிடலாம்.

முன்பக்கம் தாள், ஓரத்துக்குப் பட்டை, உள்பக்கத்துக்கு இரண்டு கை வார்னிஷ். அவ்வளவு போதும்.

கடையில் எல்லாரும் இதை ஃபார்மைக்கா என்றே சொல்கிறார்கள். அது ஒரு நிறுவனத்தின் பெயர். 1912இல் அமெரிக்காவில் இரண்டு பொறியாளர்கள் மின்கருவிகளில் மைக்காவுக்குப் பதிலாக வைக்க ஒரு காப்புப் பொருளைச் செய்தார்கள். "மைக்காவுக்குப் பதில்" என்பதைத்தான் அவர்கள் மொழியில் பெயராக வைத்தார்கள். மைக்கா என்றால் நம் காக்காப்பொன். ஊரில் மாமா வீட்டில் இதையே சன்மைக்கா என்பார்கள். எதற்குப் பதிலாக வந்ததோ அதன் பெயரிலேயே ஊரெல்லாம் கூப்பிடுகிறோம் என்பது எனக்கு மிகவும் பிடித்துப்போன விஷயம்.

16 செப்டம்பர் 2024, அவசரமாக

தம்பி, பசையைத் திறப்பதற்கு முன் சாமி விளக்கை அணையுங்கள். அந்தப் பசையின் ஆவி தீப்பிடிக்கும். எங்கள் வீட்டில் சாமி மாடம் சமையலறைக்கு அடுத்த சுவரில் இருக்கிறது, காமாட்சி விளக்கு நாள் முழுக்க எரியும். பசை வேலை நடந்த இரண்டு நாளும் அம்மா விடிகாலையில் விளக்கேற்றிக் கும்பிட்டு, நான் டப்பாவைத் திறப்பதற்கு முன் அணைத்துவிட்டார். அடுப்பும் கூடாது. எல்லா ஜன்னலையும் திறந்து, மின்விசிறியை வெளிப்பக்கம் பார்த்து வையுங்கள். பொது நடைவழியில் கதவுகளைப் பரப்பாதீர்கள், அது தீ வந்தால் எல்லாரும் ஓடவேண்டிய பாதை.

அடுப்பை நகர்த்த வேண்டியிருந்தால் எரிவாயுக் குழாயில் நீங்கள் கை வைக்கக் கூடாது. உரிமம் பெற்ற எரிவாயுப் பணியாளரைக் கூப்பிடுங்கள். இந்த வேலை முழுவதிலும் "நானே செய்கிறேன்" என்று சொல்லக் கூடாத இடம் இதுதான்.

5 அக்டோபர் 2024

கைப்பிடி. இதைக் கடைசியில் யோசிக்கலாம் என்று விட்டுவிடுகிறோம், ஆனால் தினமும் கை படுவது அதில்தான்.

எனக்குக் கைப்பிடியே இல்லாத, அழுத்தினால் திறக்கும் வகைதான் பிடித்திருந்தது. இரண்டு கதவுக்கு வாங்கி மாட்டியும் பார்த்தேன். அம்மாவுக்கு 78 வயது, விரல் மூட்டுகள் வீங்கியிருக்கும். கட்டைவிரலால் அழுத்த முடியாமல் முழங்கையால் இடித்தார், கதவு பாதி திறந்து மறுபடி மூடிக்கொண்டது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த நாளிலிருந்து அந்தக் கேபினெட்டில் இருந்த புளியும் மிளகாயும் மேடை மேலே வந்து உட்கார்ந்துவிட்டன. எனக்கு உறைக்க ஒரு வாரம் ஆயிற்று.

அம்மாவைக் கடைக்கு அழைத்துப் போனேன். நாலு விரலும் உள்ளே நுழையும் நீளக் கம்பிக் கைப்பிடியைத் தேர்ந்தெடுத்தார், ஈரக்கையால் பிடித்தாலும் வழுக்காத மங்கல் எஃகு. 19 கைப்பிடிக்கும் திருகு இடைவெளி 128 மி.மீ. ஒரு அட்டையில் இரண்டு துளை போட்டு அச்சு செய்துகொண்டு, அதை வைத்தே எல்லாக் கதவிலும் குறித்தேன். தம்பி, உங்கள் அம்மாவையும் கேளுங்கள். சமைப்பது அவர்தானே.

29 அக்டோபர் 2024

தம்பி வீட்டில் பத்துக் கதவும் ஏறிவிட்டன, தீபாவளிக்கு இரண்டு நாள் இருக்கிறது. தொட்டிக்குக் கீழ் இருந்த கூட்டை மட்டும் எடுத்துவிட்டு, அலுமினியத்தில் ஒன்று செய்து வைத்திருக்கிறார். சரியான முடிவு. மொத்தச் செலவு 1,130 வெள்ளி என்கிறார். முறுக்குச் சுடும் எண்ணெய்க்குப் பக்கத்தில் புதுக் கதவு, பார்த்துக்கொள்ளுங்கள். சுட்டு முடித்ததும் வெந்நீர்த் துணியால் ஒரு துடை போதும்.

14 ஜனவரி 2025, பொங்கல் இரவு

இன்று ஒரு தவற்றை ஒப்புக்கொள்ள வேண்டும்.

10, 11 தேதிகளில் விடாமல் அடித்த மழைக்குப் பிறகு தம்பியின் கதவுகளில் நான்கு வளைந்துவிட்டன. படம் அனுப்பியிருக்கிறார். கைப்பிடிப் பக்கத்தில் மேல் மூலையும் கீழ் மூலையும் கூட்டைத் தொடாமல், பேனா கனத்துக்கு வெளியே நிற்கின்றன. உயரமான இரண்டு கதவு மிக மோசம்.

நான் சொன்னதைக் கேட்டதால் வந்தது இது. செப்டம்பர் 15ஆம் தேதி "முன்பக்கம் தாள், உள்பக்கத்துக்கு வார்னிஷ் போதும்" என்று எழுதினேன். அது தவறு. முன்பக்கத்தை லேமினேட் அடைத்துவிடுகிறது, ஈரம் அங்கே நுழையாது. வார்னிஷ் மட்டும் பூசிய உள்பக்கம் ஈரத்தைக் குடித்து விரிகிறது. ஒரு பக்கம் விரிந்து மறுபக்கம் விரியாவிட்டால் பலகை வளைவதைத் தவிர வேறு என்ன செய்யும்? இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே கனத்தில் தாள் ஒட்டினால்தான் பலகை நேராக நிற்கும்.

பிறகு ஏன் என் வீட்டில் வளையவில்லை என்று இன்று காலை ஒவ்வொரு கதவாகத் திறந்து பார்த்தேன். ஒன்பது கதவு பழையவை. அவற்றில் இரு பக்கமும் முன்பே லேமினேட் இருந்தது, நான் அதன் மேல்தான் புதுத்தாள் ஒட்டினேன். புதிதாகச் செய்த ஐந்துக்கும் மரக்கடைக்காரரே நான் கேட்காமல் உள்பக்கம் வெள்ளைத் தாள் ஒட்டிக் கொடுத்திருக்கிறார். நான்கு வருடமாகத் தினம் திறந்து மூடுகிறேன், அந்த வெள்ளை ஏன் அங்கே இருக்கிறது என்று ஒருநாளும் யோசித்ததில்லை. எனக்கு நடந்ததை எல்லாருக்கும் நடக்கும் என்று எண்ணி எழுதிவிட்டேன். மன்னித்துக்கொள்ளுங்கள் தம்பி.

மற்றவர்களுக்கு: பழைய லேமினேட் கதவின் மேல் ஒட்டுகிறவர்கள் பயப்பட வேண்டாம். புது பிளைவுட் என்றால் இரண்டு பக்கமும், ஒரே நாளில், ஒரே பசையில்.

15 ஜனவரி 2025

"திருகைத் திருகிச் சரிசெய்ய முடியாதா" என்று ஒருவர் கேட்கிறார். கீலில் மூன்று திருகு உண்டு. ஒன்று கதவை இடவலமாக நகர்த்தும், ஒன்று முன்பின்னாக, ஒன்று மேல்கீழாக. கோணலாகத் தொங்கும் கதவை அவற்றால் நேராக்கலாம். வளைந்த கதவை நேராக்க முடியாது.

19 ஜனவரி 2025

உட்லண்ட்ஸுக்குப் போய் வந்தேன். கவ்விகள் ஆறு, மரச்சட்டம் இரண்டு, கொஞ்சம் பொங்கல். குட்டையான இரண்டு கதவையும் சட்டத்தில் எதிர்ப்பக்கமாக வளையும்படி கவ்வி வைத்து, உள்பக்கம் முழுக்கத் தாள் ஒட்டிவிட்டு, அடுத்த ஞாயிறு வரை அப்படியே விடச் சொல்லியிருக்கிறேன். முழுக்க நேராகுமா என்று உறுதி கொடுக்கவில்லை. உயரமான இரண்டையும் காப்பாற்ற முயலவில்லை. புதிதாக, இரு பக்கமும் தாளோடு செய்கிறோம், அந்தப் பலகைக் காசு என்னுடையது. வேண்டாம் என்றார், நான் கேட்கவில்லை. வளையாத மற்ற ஆறுக்கும் வரிசையாக உள்பக்கம் ஒட்ட வேண்டும், அடுத்த மழைக்கு முன்பே.

அவருடைய அம்மா எனக்கு மீன் குழம்பு கொடுத்தனுப்பினார். தாளிப்பு வாசனை பேருந்து முழுக்க.

2 மார்ச் 2025

இன்று மறுபடி போனேன். புதுக் கதவு இரண்டும் நேராக நிற்கின்றன, இடைவெளி மேலிருந்து கீழ் வரை 3 மி.மீ. கவ்வி வைத்தவற்றில் ஒன்று முழுக்கச் சரியாகிவிட்டது. இன்னொன்றின் கீழ் மூலையில் 1 மி.மீ. போல மிச்சம் இருக்கிறது, குனிந்து பார்த்தால்தான் தெரியும். தம்பி அதை அப்படியே வைத்துக்கொள்கிறேன் என்கிறார்.

கிளம்பும்போது பழக்கத்தில் தொட்டிக்குக் கீழே டார்ச் அடித்தேன். புதுக் கூட்டின் அடியில் வைத்திருந்த தட்டில் இரண்டு சொட்டுத் தண்ணீர். குழாய் இணைப்பைக் கையால் அரைச் சுற்று இறுக்கி, தட்டைத் துடைத்து வைத்துவிட்டு வந்தேன். தம்பி, புதன்கிழமை அந்தத் தட்டைப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.